எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனாவின் யுன்ஷியான் மண்டை ஓட்டைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் பொறுமையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மேலே 'மனித வரலாறு தலைகீழானது' என்று ஒரு தலைப்பு, நடுவே 'ஆப்பிரிக்கா அல்ல, ஆசியாவே தாயகம்' என்று ஒரு கட்டச்செய்தி. இரண்டுக்கும் கட்டுரையில் ஆதாரம் இல்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த மண்டை ஓடு 1990இல் ஹூபே மாகாணத்தில் கிடைத்தது. மண்ணின் அழுத்தத்தில் நசுங்கிப்போயிருந்ததால் பல ஆண்டுகள் அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. இப்போது சிடி ஸ்கேன் எடுத்து, சிதைந்த துண்டுகளைக் கணினியில் நிமிர்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த உருவத்தை மற்ற புதைபடிவங்களோடு ஒப்பிட்டு ஒரு வம்சாவளி வரைந்து, 2025 செப்டம்பரில் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். நம் கிளை மற்றவற்றிலிருந்து 10 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது என்பது அவர்கள் முடிவு. டிஎன்ஏவை வைத்துக் கணக்கிடுகிறவர்கள் பெரும்பாலும் 5 முதல் 7 லட்சம் ஆண்டு என்கிறார்கள். இந்த இடைவெளிதான் உண்மையான செய்தி. கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வரி கிடைத்திருக்கிறது.

அதே ஆண்டு ஜூன் மாதம், அதே சீனாவிலிருந்து, இன்னொரு மண்டை ஓட்டைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன. என் கணக்கில் அதுதான் பெரிய செய்தி. ஹார்பின் நகரில் 1933இல் பாலம் கட்டும்போது ஒரு தொழிலாளியின் கையில் கிடைத்தது என்றும், ஜப்பானியர் ஆட்சிக்கு அஞ்சி அவர் அதைக் கிணற்றில் ஒளித்து வைத்தார் என்றும் அவர் குடும்பத்தார் சொல்கிறார்கள். 2018இல்தான் ஆய்வாளர்களிடம் வந்தது. வயது குறைந்தது 1,46,000 ஆண்டு. 2021இல் அதற்கு 'ஹோமோ லாங்கி' என்று தனி இனப்பெயர் வைத்தார்கள். நியண்டர்தால்களைவிட (அழிந்துபோன இன்னொரு மனித வகை) அதுவே நமக்கு நெருங்கிய சொந்தம் என்று மண்டையின் வடிவத்தை வைத்துச் சொன்னார்கள்.

அப்புறம் பழைய டிஎன்ஏவை ஆராயும் ஃபூ சியாவ்மெய் குழுவினர் அதில் டிஎன்ஏ தேடினார்கள். எலும்பிலும் பல்லிலும் கிடைக்கவில்லை. பல்லில் படிந்து இறுகியிருந்த காரையில் மைட்டோகாண்டிரிய டிஎன்ஏ (தாய் வழியாக மட்டும் வரும் சிறு பகுதி) கிடைத்தது! எலும்பிலிருந்து பழைய புரதங்களும் கிடைத்தன. இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின: இவர் டெனிசோவன். 2010இல் சைபீரியக் குகையில் கிடைத்த ஒரு விரல் எலும்பின் டிஎன்ஏவை வைத்து மட்டுமே அறிமுகமான கூட்டம் அது. மண்டையும் முகமும் எப்படி இருந்தன என்று 15 ஆண்டுகளாக யாருக்கும் தெரியாது. சரி, டெனிசோவன்கள் யாருக்கு நெருக்கம்? அவர்களுடைய முழு மரபணுத்தொகுதியின்படி நியண்டர்தால்களுக்கு. நமக்கு அல்ல.

ஆக, வடிவம் ஒன்று சொன்னது, டிஎன்ஏ, புரதம் என்ற மூலக்கூறுகள் வேறு சொன்னன. யுன்ஷியான் ஆய்வு மறுபடியும் வடிவத்தை வைத்து, யுன்ஷியானையும் ஹார்பின் மண்டையையும் ஒரே கூட்டத்தில் சேர்த்து, அந்தக் கூட்டமே நமக்கு நெருக்கம் என்கிறது. ஷிஜுன் நி, கிறிஸ் ஸ்டிரிங்கர் போன்ற ஆய்வாளர்கள் 2021 ஆய்விலும் இருந்தார்கள், இதிலும் இருக்கிறார்கள். திறமையானவர்கள்தான், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நசுங்கிய எலும்பை நிமிர்த்தும்போது எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் என்பதில் மனித முடிவு கலந்தே தீரும். அதை வாசகரிடம் சொல்ல வேண்டாமா?

ஆசியத் தாயகம் என்ற கட்டச்செய்திக்கு வருகிறேன். 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளை பிரிந்தது என்றே வைத்துக்கொள்வோம். இன்று உயிரோடிருக்கும் மனிதர்கள் எங்கே உருவானார்கள் என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாகக் கருதப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹுத்தில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டு பழமையானவை. இன்றும் மரபணு வேறுபாடு மிக அதிகமாக இருப்பது ஆப்பிரிக்க மக்களிடம்தான். அங்கிருந்து வெளியேறியவர்கள் வழியில் மற்றவர்களோடு கலந்தார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களிடம் நியண்டர்தால் பங்கு 1 முதல் 2 சதவீதம் இருக்கிறது. மேட்டு நிலத்தின் குறைந்த ஆக்சிஜனைத் தாங்கத் திபெத்தியர்களுக்கு உதவும் மரபணு வடிவம் டெனிசோவன்களிடமிருந்து வந்தது. இப்படிக் கலந்ததால் ஆப்பிரிக்கத் தோற்றம் பொய்யாகிவிடவில்லை. கதை கூடுதல் சுவாரஸ்யமாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

(கட்டுரையோடு போட்டிருந்த படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசை இன்னும் எத்தனை நாளைக்கு? ஒரே காலத்தில் நான்கைந்து மனித வகைகள் பூமியில் இருந்ததைச் சொல்லும் கட்டுரைக்குப் பக்கத்திலேயே அதைப் போடுகிறீர்கள்.)

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, முடிவு எதை வைத்து எடுக்கப்பட்டது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: எலும்பின் வடிவமா, டிஎன்ஏவா, புரதமா. பழைய புரதங்களை ஆராயும் துறையில் நடப்பதைத் தனியாகவே எழுதலாம். ஸ்பெயினின் அட்டபுவெர்காவில் கிடைத்த சுமார் 8 லட்சம் ஆண்டுப் பல்லின் எனாமலிலிருந்து 2020இல் புரதம் எடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 20 லட்சம் ஆண்டுப் பழைய பாராந்த்ரோபஸ் (மனிதனுக்கு உறவான, அழிந்துபோன இனம்) பற்களிலிருந்தும் 2025இல் எடுத்துவிட்டார்கள். யுன்ஷியான் பல்லிலும் அப்படிக் கிடைத்தால் இந்த வாதம் வெகுவாகத் தெளிந்துவிடும். அதே இடத்தில் 2022இல் மூன்றாவது மண்டை ஓடும் கிடைத்திருக்கிறது, முந்தைய இரண்டைவிட நல்ல நிலையில். அதைப் பற்றிய கட்டுரையை இதே எழுத்தாளரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். தலைப்பையும் அவரே வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்