பச்சைக் கரைசலின் சிவப்பு ஒளியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் ஒளிச்சேர்க்கை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உட்கவர்கிறது, பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது, அதனால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது என்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. சரி, உட்கவர்ந்த ஒளி அப்புறம் என்ன ஆகிறது? கேள்வி கேட்கிற பிள்ளை முதலில் கேட்பது இதைத்தானே!

இதற்கான விடையைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலையை அசிட்டோனில் அரைத்து வடிகட்டி, அந்தப் பச்சைக் கரைசல்மேல் இருட்டறையில் நீல ஒளியை அடித்தால் அது அடர்சிவப்பாக ஒளிரும். இலைச்சாற்றின் இந்தச் சிவப்பை ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1834-லேயே பதிவு செய்திருக்கிறார்.

நீல ஒளி கொடுத்தால் ஏன் சிவப்பு வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஈதர் என்ற கரைப்பானில் கரைந்த பச்சையம்-ஏ (பச்சையத்தின் முக்கிய வகை) 430 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே நீலத்தையும் 662 அருகே சிவப்பையும் வலுவாக உட்கவரும். நீல ஒளி எலக்ட்ரானை உயர்ந்த ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றினாலும் அது அங்கே தங்குவதில்லை, ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கீழ் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. கீழ் மட்டத்தில் மட்டும் சில நானோநொடிகள் நிற்கிறது, ஒளி உமிழப்படுவது அங்கிருந்துதான். ஆகவே எந்த நிறத்தைக் கொடுத்தாலும் வெளியே வருவது 670 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பே.

அப்படியானால் இலை ஏன் சிவப்பாக ஒளிரவில்லை? கரைசலில் மூலக்கூறு தனியாக இருக்கிறது, ஆற்றலை வாங்கிக்கொள்ள பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் ஈதரில் உட்கவர்ந்ததில் சுமார் 30 சதவீதம் ஒளியாகத் திரும்பி வருகிறது. இலைக்குள் அந்த ஆற்றல் மூலக்கூறுக்கு மூலக்கூறு கைமாறி ஒளிச்சேர்க்கைக்குப் போய்விடுவதால் மிஞ்சுவது ஓரிரு சதவீதம்தான். பச்சையம் மட்டும் இருந்தால் போதாது, அது அடுக்கப்பட்டிருக்கும் விதமும் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. அந்த மங்கலான மிச்ச ஒளியைத்தான் 2014-ல் ஏவப்பட்ட ஓசிஓ-2 போன்ற செயற்கைக்கோள்கள் வானிலிருந்து அளந்து, தாவரங்கள் எப்படி இயங்குகின்றன என்று கணிக்க உதவுகின்றன.

செய்முறையையும் சேர்த்து வெளியிடுங்கள். கரைசல் நீர்த்திருக்க வேண்டும், அடர்த்தியாக இருந்தால், தான் உமிழ்ந்த ஒளியைத் தானே விழுங்கிவிடும். அமிலம் பட்டால் மெக்னீசியம் வெளியேறி நிறம் பழுப்பேறிவிடும். வெளிச்சத்தில் விட்டு வைத்தாலும் வெளுத்துப்போகும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், ஆகவே நெருப்பு அருகே இருக்கக்கூடாது, பள்ளி ஆசிரியர் உடன் இருக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்