ரிப்போர்ட்டை யார் கையில் கொடுப்போம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, "பக்கத்து வீடுதான், நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்" என்று வருகிறவர்களிடம் ரிப்போர்ட்டைத் தர மறுப்பதில் பலருக்கு வருத்தம். ஒரு காகிதத்துக்காக வலங்கைமானிலிருந்தும் திருப்பனந்தாளிலிருந்தும் மறுபடி பஸ் ஏறுவது, அதுவும் நடவு நேரத்தில், சிரமம்தான். அதற்கு ஒரு வழி உண்டு. ரத்தம் கொடுக்கும்போதே பில்லின் பின்பக்கத்தில், வாங்க வருபவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். கைநாட்டு என்றாலும் சரி. அந்தப் பில்லோடு அவர் வந்தால் மறுபேச்சில்லாமல் கொடுப்போம்.

கவுண்டரில் பில் எண், வயது, செல் எண்ணின் கடைசி 4 இலக்கம் மூன்றையும் கேட்பதற்குக் காரணம் பெயர்கள்தான். ஒரே காலையில் இரண்டு ராஜேந்திரன் வருவார்கள். இனிஷியலும் ஒன்றாக இருக்கும். சர்க்கரை ரிப்போர்ட் ஆள் மாறிப் போனால் மாத்திரையும் மாறிப்போகும்.

வாட்ஸ்அப்பில்தான் தவறு அதிகம் நடக்கும். பெரியவர்களைப் பதியும்போது கூட வந்த ஆட்டோக்காரர் எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓர் இலக்கம் பிசகினாலோ, முன்பின் தெரியாதவர் கைக்கே போய்விடும். அதனால் முதலில் "உங்கள் பில் எண் என்ன?" என்று மட்டும் கேட்டு அனுப்புவோம். சரியான எண் வந்த பிறகே ரிப்போர்ட் வரும். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு அனுப்ப வேண்டுமா? ரத்தம் கொடுத்தவரே அந்த எண்ணை எழுதித் தரட்டும். குடும்பக் குரூப்பில் போடச் சொன்னால் போட மாட்டோம்.

சம்பந்தம் பேசும் இடங்களிலிருந்தும் பெண்ணைப் பற்றி விசாரித்துப் போன் வரும். அந்தப் பெண் இங்கே வந்தாரா என்பதைக்கூடச் சொல்வதில்லை. "வரவில்லை" என்றும் சொல்வதில்லை. வராத ஒருவரைப் பற்றி "வரவில்லை" என்று சொல்லிப் பழக்கிவிட்டால், வந்தவரைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே பதிலாகிவிடுமே.

ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் ஒப்புதல் கட்டாயம். முடிவை உங்கள் கையில், நேரில், ஒட்டிய உறையில்தான் தருவோம். உங்கள் கணவரோ மனைவியோ வந்து கேட்டாலும் நாங்கள் சொல்ல முடியாது. துணைக்குத் தெரிவிக்கும் அதிகாரம், அதுவும் நிபந்தனைகளோடு, டாக்டருக்கும் ஆலோசகருக்கும்தான் உண்டு.

உங்களைக் கேட்காமலே அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவையும் உண்டு. சளியில் காசநோய்க் கிருமி தெரிந்தால் பெயர், முகவரியோடு 'நிக்ஷய்' என்ற அரசின் காசநோய்ப் பதிவு இணையதளத்தில் பதிவது கட்டாயம். சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வருவது அதனால்தான். அக்கம்பக்கத்தில் யாரோ போய்ச் சொன்னதால் அல்ல. பதிந்தவர்களுக்குத்தான் சிகிச்சை முடியும் வரை மாதம் 1000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வங்கிக் கணக்கில் ஏறும். ஆதலால் பதியும்போது பொய் முகவரி வேண்டாம். டெங்கு உறுதியானாலும் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும்.

"ஸ்டேஷனிலிருந்து பேசுகிறோம்" என்ற போனுக்கு எதுவும் தர மாட்டோம். கோர்ட் சம்மனோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் எழுத்தாணையோ வர வேண்டும். வந்தால் அதில் கேட்ட ரிப்போர்ட் மட்டும் போகும், பழையதெல்லாம் போகாது.

இன்ஷூரன்ஸ் படிவங்களில், உங்கள் மருத்துவ விவரங்களை எங்கிருந்தும் கேட்டுப் பெறலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அதைப் படியுங்கள். போட்ட பிறகு எங்களிடம் வந்து தடுக்கச் சொல்வதில் பயனில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து வைத்தியம் பார்த்ததன் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) எங்களிடம் இருக்காது. அங்கேதான் எழுதிக் கேட்க வேண்டும். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதே விதி பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்கத்தான் சொல்கிறது, ஆறப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனை நிலையத்தார்,
கும்பகோணம்