நம் பங்குப் படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை

இறை இயேசுவில் அன்புமிக்க பங்குமக்களுக்கும் படிப்பக உறுப்பினர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

சென்ற ஆண்டு பாஸ்கா திருவிழா முடிந்த கையோடு தொடங்கிய படிப்பகத் திருப்பணி, இறையருளாலும் உங்கள் உழைப்பாலும் நிறைவுற்று, கூடம் அர்ச்சிக்கப்பட்டு மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன. கணக்குத்தாள் சொல்லாத செய்திகளையும், திறப்பு நாளிலிருந்து உறுப்பினர் பலர் எங்களிடம் கேட்டுவரும் ஒரு கேள்விக்கான விடையையும் இவ்வறிக்கையில் தருகிறோம். கூடத்தின் நுழைவாயிலில் மாட்டியுள்ள படத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் கையைப் பிடித்தபடி நிற்கும் குருவானவர் யார், அவருக்கும் பழனி மலைத்தொடரில் இருக்கும் நம் படிப்பகத்துக்கும் என்ன தொடர்பு என்பதே அக்கேள்வி.

முதலில் கட்டடம். பழைய படிப்பகம் கருங்கல் சுவரும் தகரக் கூரையுமாக நம் முன்னோர் எழுப்பியது. சுவரில் குறையில்லை. கூரையின் மரச்சட்டங்கள்தான் ஈரத்தில் இற்றுப்போயிருந்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து புத்தகங்களின் மேலேயே படிந்துவிடும் ஊர் இது. சட்டங்களை இரும்புக்கு மாற்றினோம்; கூரைத் தகட்டைப் புதிதாக வேய்ந்தோம்; கிழக்குச் சுவரில் இரண்டு பெரிய சன்னல்களைத் திறந்தோம்; தரையை ஒரு முழம் உயர்த்தினோம். மணல், கம்பி, தகடு அனைத்தும் வத்தலகுண்டிலிருந்து மலைப்பாதை ஏறி வர வேண்டியிருந்ததால், மழைக்காக வேலை நின்ற நாள்களைவிட வண்டிக்காகக் காத்திருந்த நாள்களே அதிகம். ஆலயத்துக்கு மேலே சாலை இல்லாத கடைசிச் சரிவில், இளையோர் இயக்கத்துப் பிள்ளைகள் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் ஏற்றிக் கொடுத்தார்கள். அந்த உழைப்புக்குக் கணக்கில் ஒரு ரூபாயும் எழுதப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

இத்திருப்பணி எளிதாக முடிவான ஒன்றன்று. பங்குப் பேரவையின் பொதுக்கூட்டத்தில், அந்த இடத்தில் திருமண மண்டபம் கட்டினால் வாடகை வரும், பங்குக்கு நிலையான வருமானம் இருக்கும் என்ற கருத்தே முதலில் மேலோங்கியது. அக்கருத்தைச் சொன்னவர்களும் பங்கின் நலம் கருதியே சொன்னார்கள். அப்போது பூண்டுத் தோட்டத்தில் கூலிவேலை செய்யும் ஒரு பாட்டி எழுந்து, “சாமி, எம் பேத்தி ராத்திரி அடுப்படி வெளிச்சத்துல படிக்கிறா. மண்டபம் வருசத்துக்கு பத்து நாளு. அவ படிக்கிறது தெனமும்” என்றார். அதற்குப் பிறகு பேசியவர் நம் பங்கின் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர்தான், இன்று வாயிற்படத்தில் நிற்கும் அருள்தந்தை தியோடர் ஹெஸ்பர்க்கைப் பற்றி அன்று எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த அருள்தந்தை ஹெஸ்பர்க், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1952இல் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 35. அப்பல்கலைக்கழகம் அதே சபையின் அருள்தந்தை எட்வர்ட் சொரின் 1842இல் தொடங்கியது. 1879 ஏப்ரலில் அதன் தலைமைக் கட்டடம் தீக்கிரையாக, அவ்வாண்டு செப்டம்பர் வகுப்புகளுக்குள் அதை மீண்டும் எழுப்பிக் காட்டிய வரலாறு அதற்கு உண்டு. ஆயினும் 1952இல் அது அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற கல்விக்கூடமாகவே வெளியில் அறியப்பட்டிருந்தது. அதை ஆய்வுக்கும் அறிவுக்கும் பெயர்பெற்றதாக மாற்ற வேண்டும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பணி. துறவற இல்லத் தலைவரே பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்ததால், இல்லத் தலைவருக்குரிய ஆறாண்டு வரம்பு அதுவரை இரண்டு பொறுப்புகளுக்கும் பொருந்திவந்தது; 1958இல் இரண்டு பொறுப்புகளையும் பிரித்த பின் அவர் தொடர்ந்து பணியாற்ற வழி பிறந்தது. 1987இல் ஓய்வுபெறும்வரை 35 ஆண்டுகள் அவர் தலைவராக இருந்தார். இக்காலத்தில் மாணவர் எண்ணிக்கை 4,979இலிருந்து ஏறத்தாழ 9,600 ஆயிற்று. ஆசிரியர் எண்ணிக்கை 389இலிருந்து 951 ஆயிற்று. ஆண்டுச் செலவுத் திட்டம் 97 லட்சம் டாலரிலிருந்து 17 கோடியே 66 லட்சம் டாலராயிற்று. இவ்வளவையும் அவர் ஒற்றையாளாகச் செய்ததாகச் சொல்வது சரியாகாது. நிதியையும் கட்டடங்களையும் அந்த 35 ஆண்டுகளும் தோள்கொடுத்துச் சுமந்தவர் துணைத் தலைவர் அருள்தந்தை எட்மண்ட் ஜாய்ஸ். யாரை நம்பி எதை ஒப்படைப்பது என்று ஹெஸ்பர்க்குக்குத் தெரிந்திருந்தது.

அவர் கட்டியவற்றுள் எங்கள் கண்ணை ஈர்த்தது நூலகம். 1963இல் திறக்கப்பட்ட அந்நூலகம், இளநிலை மாணவரில் பாதிப்பேர் ஒரே நேரத்தில் அமர்ந்து படிக்கும் அளவுக்கு இருக்கைகளோடு திட்டமிடப்பட்டது. ஆசிரியர் இதைச் சொன்ன பிறகுதான் எங்கள் வரைபடம் மாறியது. அதுவரை நாங்கள் எத்தனை அலமாரி வைக்கலாம் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு பங்கில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளைத் தலையெண்ணி, அதில் பாதிப்பேருக்கு நாற்காலி, ஒவ்வொரு நாற்காலிக்கும் மேலே விளக்கு என்று முடிவு செய்து, எஞ்சிய சுவரில்தான் அலமாரி வைத்தோம். நெருக்கமாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். மாலை ஆறரை மணிக்கு வந்து பார்த்தால் காரணம் புரியும்.

நிதி திரட்டுவதிலும் அந்த வரலாறு கைகொடுத்தது. 1960இல் ஃபோர்டு அறக்கட்டளை அப்பல்கலைக்கழகத்துக்கு 60 லட்சம் டாலர் தர முன்வந்தபோது, அதைப்போல் இருமடங்கைப் பல்கலைக்கழகமே திரட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. நம் பங்கில் பிறந்து வெளியூரில் வாழும் ஓர் அன்பர், பெயர் வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் பெருந்தொகை தர முன்வந்தபோது, அவரிடம் நாங்களே இந்த நிபந்தனையைக் கேட்டு வாங்கினோம். ஒருவர் கொடுத்துக் கட்டிய கூடம் அவருடையதாகவே இருந்துவிடும் என்ற அச்சம் எங்களுக்கு இருந்தது. அந்த இருமடங்கைத் திரட்டப் பதினோரு மாதம் ஆயிற்று. பீன்ஸ் விலை வீழ்ந்திருந்த மாதங்களில் அன்பியங்கள் எனும் குடும்பக் குழுக்களின் கூட்டங்களில் உண்டியலை நீட்டவே மனம் வரவில்லை. அப்படியும் நீங்கள் கொடுத்தீர்கள்.

இனி, அந்தப் படம் அங்கே மாட்டப்பட்டதற்கு மெய்யான காரணம். 1967இல் அருள்தந்தை ஹெஸ்பர்க், தம் சபை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையில் வைத்திருந்த பல்கலைக்கழக நிர்வாகத்தை, குருக்களோ துறவியரோ அல்லாத பொதுநிலையினர் பெரும்பான்மையாக உள்ள அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கச் செய்தார். தலைவர் திருச்சிலுவைச் சபைக் குருவாகவே இருப்பார் என்ற வழக்கமும், ஆறு சபையினரும் ஆறு பொதுநிலையினரும் கொண்ட மேலவையும் காக்கப்பட்டன. அதே ஆண்டு லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் அவர் கூட்டிய கத்தோலிக்கக் கல்வியாளர் கூட்டம், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சியும் கல்விச் சுதந்திரமும் வேண்டும் என்று அறிவித்தது. அந்த அறிக்கை கத்தோலிக்க அடையாளத்தை நீர்த்துப்போகச் செய்தது என்று வருந்துவோர் திருச்சபைக்குள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களது கவலையை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. ஆனால், கையிலிருந்த அதிகாரத்தை, யாரும் பறிக்காதபோது, தாமே இறக்கி வைத்தது தலைமையின் பெரும்பணி என்றே இக்குழு கருதுகிறது.

அன்றைய பொதுக்கூட்டம் முடியும் தறுவாயில் நம் பங்குத்தந்தை எழுந்து, திருப்பணிக் குழுவின் தலைவர் பொறுப்பு தமக்கு வேண்டாம் என்றார். வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் உரிமையையும் பேரவையின் மூவருக்கு, அவர்களில் இருவர் பெண்கள், மாற்றித் தந்தார். “தப்பு நடந்தா நீங்களே திருத்துங்க, என்கிட்ட கேட்க வேணாம்” என்பதுதான் அவர் சொன்னது. சொன்னபடியே இருந்தார். வேலை நடந்த நாள்களில் தேநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். சுவரின் நிறத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தவறு நடக்கவே செய்தது. ஐப்பசி முதல் மழையில் புதிய கூரை நான்கு இடங்களில் ஒழுகியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, தகட்டின் மேட்டில் இறக்க வேண்டிய திருகாணிகளைப் பள்ளத்தில் இறக்கியிருந்தது தெரிந்தது. மழைநீர் ஓடும் வழியிலேயே துளைகள். ஒப்பந்தக்காரர் தம் செலவில் ஒரு பகுதியைச் சரிசெய்து கொடுத்தார். மீதியை நாம் ஏற்றோம். அன்றாட மேற்பார்வை எங்கள் பொறுப்பு. வேய்ந்த அன்றே நாங்கள் மேலே ஏறிப் பார்த்திருக்க வேண்டும். அச்செலவு கணக்கில் தனி இனமாகக் காட்டப்பட்டுள்ளது.

அந்த ஒழுகலில் நனைந்த புத்தகங்களைக் காத்தவர்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவியர் ஆறு பேர். புத்தகங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி, ஒட்டிக்கொண்ட தாள்களை ஈர்க்குக் குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்து, பூஞ்சையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, அலமாரியில் வசம்புத் துண்டுகளைப் போட்டு வைத்தார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. பழைய தமிழ் வேதாகமம் ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. நோட்டர் டேமில் இளநிலை வகுப்புகளுக்குப் பெண்கள் சேர்க்கப்பட்டது 1972இல்தான். நம் படிப்பகத்தில் இரவு ஒன்பது மணிவரை பெண்பிள்ளைகள் இருந்து படிக்கவும், வீடுவரை துணை செல்லும் முறை வகுக்கவும் குழு எடுத்த முடிவுக்கு அந்த ஒன்பது நாளே காரணம்.

நம் நாட்டுக் குருவானவர் ஒருவரின் படத்தை மாட்டியிருக்கலாமே என்ற வருத்தமும் காதில் விழுந்தது. அது நியாயமான வருத்தம். செண்பகனூரில் 1895இல் திருஇருதயக் கல்லூரியை எழுப்பியவர்களும், 1925இல் சென்னையில் லயோலா கல்லூரியைத் தொடங்கிய அருள்தந்தை பெர்த்ராமும் நம் மண்ணுக்கு ஆற்றிய பணி பெரிது. அவர்களுக்கென உள்சுவரில் இடம் ஒதுக்கியுள்ளோம். வாயிற்படம் 1964 ஜூன் 21 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில், கறுப்பின மக்களின் சம உரிமைக்காக நடந்த குடிமை உரிமைப் பேரணியில் எடுக்கப்பட்டது. 1957 முதல் அமெரிக்கக் குடிமை உரிமை ஆணையத்தின் உறுப்பினராகவும் பின்னர் தலைவராகவும் இருந்த ஹெஸ்பர்க், அன்று அழைப்பை ஏற்று மேடையேறிப் பாடியவர்களோடு கைகோத்து நின்றார். படிக்க வரும் பிள்ளைகள் முதலில் பார்ப்பது அந்தக் கைகளாக இருக்கட்டும் என்று விரும்பினோம்.

எஞ்சியுள்ள வேலைகள் இரண்டு. கூரை நீரைத் தொட்டிக்குக் கொண்டுசெல்லும் குழாய் இன்னும் பொருத்தப்படவில்லை. கையிருப்பு அதற்குப் போதுமானது, சித்திரைக்குள் முடியும். மின்தடை நேரத்துக்கான மின்கலம் வாங்கப் பேரவையின் ஒப்புதல் தேவை. கூடத்தின் சாவிகளில் ஒன்று ஆலயப் பணியாளரிடமும், மற்றொன்று மாணவியர் குழுவிடமும் இருக்கும். திருப்பணிக் குழு இவ்வறிக்கையோடு கலைகிறது. ஏடுகளும் மீதித் தொகையும் அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் படிப்பகக் குழுவிடம் உங்கள் முன்னிலையில் ஒப்படைக்கப்படும்.

திருப்பணிக் குழுவினருக்காக,
செயலர்