தண்டவாளத்தை உயர்த்தினால் ரோட்டையும் உயர்த்துங்கள்

ரயில் பாதைப் பராமரிப்பு அதிகாரிகளுக்கு வணக்கம்.

காட்பாடி–விழுப்புரம் பாதையில் கணியம்பாடிப் பக்கம் இருக்கும் எங்கள் ரயில் கேட்டில் ரோடு மேடு பள்ளமாகக் கிடப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனுக்கள் எல்லாம் உங்களிடம்தான் இருக்கின்றன. போன வாரம் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வேலூரில் வயிற்று ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பிய ஒரு அம்மாவை என் ஆட்டோவில் அழைத்து வந்தேன். கேட் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அந்தக் குலுக்கலைத் தாங்க முடியாது, இறக்கிவிடுப்பா என்றார். தையல் போட்ட இடத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் மகளின் தோளைப் பிடித்தபடி, தண்டவாளத்துக்கு நடுவே ரோட்டுக்காகப் பதித்த, ஆடுகிற சிமெண்ட் பிளாக்குகளில் ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்துப் பார்த்து நடந்தார். காலி ஆட்டோவை நான் ஏற்றினால், பிளாக் பெயர்ந்த குழியில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். கேட்கீப்பர் அடுத்த ரயிலுக்குக் கேட் போட வேண்டுமே என்று கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சொல்லி என்ன செய்ய?

காரணம் உங்களுக்கே தெரியும். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஜல்லியை இறுக்க மெஷின் வருகிறது, பிளாக்குகளைப் பெயர்க்கிறார்கள், தண்டவாளம் உயர்கிறது. ரோடு மட்டும் பழைய மட்டத்திலேயே கிடக்கிறது. ரயில் சக்கரத்தின் விளிம்பு போக ஒரு சந்து வேண்டும், சரி. அதற்கு ஐந்தாறு சென்டிமீட்டர் போதுமே! எங்கள் கேட்டில் ஓரம் உடைந்து மொபெட் சக்கரமே உள்ளே போகிறது. தண்டவாளத்தை உயர்த்தினால் அதே வேலையோடு ரோட்டையும் உயர்த்துங்கள்.

கேட்டுக்கு உள்ளே ஒருவர் பொறுப்பு, வெளியே இன்னொருவர் பொறுப்பு என்கிறீர்கள். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து எங்கள் வட ஆற்காட்டு வாலாஜாவுக்குத்தான் வந்தது. அத்தனை காலம் ரயிலோடு வாழ்கிற ஜனங்கள் ஒரு கேட்டைத் தாண்ட இவ்வளவு கெஞ்ச வேண்டுமா? 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 3 மாணவர்கள் இறந்த பிறகு கேட்டுகளில் கேமரா வைக்கச் சொன்னார்கள். கேமரா அவசியம் வேண்டும். ஆனால் தண்டவாளத்தில் சிக்கிய வண்டியைக் கேமரா வெளியே எடுக்காது.

வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மெஷின் வரும் தேதியை ரோடு போடுகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றைக்கே இரண்டு பக்கமும் மட்டம் சேர்த்துவிடலாம். அதுவரை பெயர்ந்த பிளாக்குகளையாவது மாற்றித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணியம்பாடிப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர்