மசாதாவின் கறுப்புக் கோடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இஸ்ரேலில் சாக்கடலோரம் உள்ள மசாதா கோட்டையைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான் மொரீஷியஸில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள போ பாசேன் சிறையில் 1940 முதல் 1945 வரை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூத அகதிகள் அடைக்கப்பட்டிருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்ததால், அம்மக்களின் வரலாற்றில் எனக்கு இளமையிலிருந்தே நாட்டம் உண்டு. 2018இல் உறவினர் சிலருடன் மசாதாவுக்கும் சென்று வந்தேன். அங்கே உரோமர் முற்றுகையில் சரணடைய மறுத்த 960 யூதர்கள் ஒருவரை ஒருவர் கொன்று மாண்டதாகச் சொல்லப்படுவதை ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாகவும் வீரத்தின் உச்சமாகவும் கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் அப்படியே ஏற்க இயலவில்லை.

மசாதாவின் சுவர்களில் விரல் பருமனுக்கு ஒரு கறுப்புக் கோடு மேடும் பள்ளமுமாக ஓடுகிறது. கோட்டுக்குக் கீழே இருப்பது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட பழைய சுவர். மேலே இருப்பது, சரிந்து கிடந்த கற்களைக் கொண்டு நம் காலத்தவர் எழுப்பியது. எது கிடைத்தது, எது சேர்த்தது என்பதைப் பார்ப்பவர் உடனே அறிய வேண்டும் என்பதற்காகவே அந்தக் கோடு. இதே போன்ற ஒரு கோட்டினை மசாதாவின் கதைக்கும் இட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கோட்டுக்குக் கீழே உறுதியாக நிற்பவற்றுள் முதன்மையானது தண்ணீர் ஏற்பாடு. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூவேந்தர் முற்றுகையிட்ட பாரியின் பறம்பில் சுனைகளுக்குக் குறைவில்லை. சாக்கடலிலிருந்து நானூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் இந்த மொட்டைப் பாறையிலோ ஒரு சுனையும் கிடையாது. ஆண்டில் சில நாட்களே பெய்யும் மழையில் பெருக்கெடுக்கும் இரண்டு காட்டாறுகளை அணையிட்டுத் திருப்பி, வாய்க்கால் வழியே மலைச்சரிவில் குடைந்த 12 தொட்டிகளில் ஏரோது மன்னன் காலத்தவர் நிரப்பினார்கள். அவற்றின் கொள்ளளவு ஏறத்தாழ 40,000 கன மீட்டர், அதாவது நான்கு கோடி லிட்டர். அங்கிருந்து மனிதர்களும் விலங்குகளும் சுமந்து உச்சிக்குக் கொண்டு சென்றனர். உச்சியில் உள்ள ஒரு பெரிய தொட்டிக்குள் படியிறங்கிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். பூசிய சாந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் உதிராமல் வழவழப்பாக இருந்தது.

உரோமரின் முற்றுகையும் கல்லில் எழுதிய சான்றுதான். எட்டுப் பாசறைகளின் சதுர அடையாளங்கள், மலையைச் சுற்றி வளைத்த மதில், மேற்கே மண்ணும் கல்லும் மரமும் அடுக்கி எழுப்பிய சாய்தளம் ஆகிய அனைத்தையும் மேலிருந்து இன்றும் காணலாம்.

கி.பி. 73 அல்லது 74இல் நிகழ்ந்த கடைசி இரவோ கோட்டுக்கு மேலே நிற்கிறது. அதை விவரிக்கும் பழைய எழுத்தாளர், அக்கால யூத வரலாற்றாசிரியரான யோசேபஸ் ஒருவரே. அவரும் அந்த இடத்தில் இருந்தவர் அல்லர். வாய்க்காலுக்குள் ஒளிந்து பிழைத்த இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளுமே எஞ்சியதாக அவரே சொல்கிறார். அப்படியானால் தலைவன் எலெயாசர் பென் யாயிர் ஆற்றியதாகச் சொல்லப்படும் அத்தனை நீண்ட உரையைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருந்தவர் யார்? பாத்திரங்களின் வாயில் உரைகளை அமைத்துத் தருவது அக்கால வரலாற்றாசிரியர்களின் வழக்கம். மேலும், கி.பி. 67இல் கலிலேயாவின் யோதபாத்தாவில் யோசேபஸே ஒரு குகையில் தோழர்களோடு சீட்டுப் போட்டு ஒருவரை ஒருவர் கொல்ல உடன்பட்டு, கடைசியில் தாம் பிழைத்து உரோமரிடம் சரணடைந்தவர் என்பதையும் அவருடைய எழுத்தாலேயே அறிகிறோம்.

1963 முதல் 1965 வரை அங்கே அகழாய்வு செய்த தொல்லியலாளர் யீகேல் யாதீன், பெயர் பொறித்த சில ஓட்டுச் சில்லுகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்றில் ‘பென் யாயிர்’ என்று இருந்ததால், அவையே, கடைசி இரவில் மற்றவர்களைக் கொல்ல ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் போட்டதாக யோசேபஸ் சொல்லும் சீட்டுகள் என்று கருதினார். ஆனால் எழுத்துப் பொறித்த சில்லுகள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. பல உணவுப் பங்கீட்டுக்கு உதவியிருக்கலாம். 960 பேரின் எலும்புகளும் கிடைக்கவில்லை. கிடைத்தவை முப்பதுக்கும் குறைவானோருடையவை. எனவே நடந்தது எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. மசாதா வீழ்ந்தது உண்மை. அங்கே குடும்பங்கள் வாழ்ந்ததும் உண்மை. உச்சியில் நின்றபோது அந்தத் தாய்மார்களை நினைத்து நானும் கண்கலங்கினேன்.

என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. கடைசி இரவுக்காக நாம் நம்பும் அதே யோசேபஸ், மசாதாவில் இருந்த, சிகாரிகள் எனப்பட்ட இந்த யூதக் கிளர்ச்சியாளர்கள் பஸ்கா என்னும் யூதப் பண்டிகைக் காலத்தில் அருகிலுள்ள என்கேதி என்னும் யூத ஊருக்குள் புகுந்து, தப்பியோட முடியாத பெண்களும் குழந்தைகளுமாக 700க்கும் மேற்பட்டோரைக் கொன்று, விளைச்சலைக் கொள்ளையிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அவருடைய ஒரு பக்கத்தை வீர வரலாறாகக் கொண்டாடிவிட்டு இன்னொரு பக்கத்தை மறைப்பது மாணவர்களும் படிக்கும் ஓர் இதழுக்குத் தகாது. அடுத்த ஞாயிறு இணைப்பில் என்கேதியில் மாண்டவர்களைப் பற்றி ஒரு பத்தியேனும் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.