நாலு ரயரையும் அளந்து பாருங்கள்: ஸ்காபரோ கராஜ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கராஜ் முதலாளிமாருக்கும் மெக்கானிக் தம்பிமாருக்கும்,

வணக்கம். மாசி, பங்குனியில் ரொறொன்ரோவின் ஸ்காபரோ பக்கம் மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் என்ன நிலையில் கிடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனி உருகி, திரும்ப உறைந்து, வீதி வெடித்துக் குழியாகிவிடும். குழிக்குள் விழுந்து பக்கம் வெட்டுப்பட்ட ரயரோடு உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் அந்த நாட்களில்தான் அதிகம். நானும் அப்படித்தான் ஒரு கராஜுக்குப் போனேன். என்னுடையது 2009 ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 328ஐ எக்ஸ்டிரைவ். நாலு சில்லுக்கும் இழுவை உள்ள கார். பின் இடது ரயர் போய்விட்டது. ஒரு புது ரயரைப் போட்டு, காற்றடித்து, காசை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மற்ற மூன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தக் கராஜின் பெயரை எழுத மாட்டேன். இது ஒரு கராஜோடு முடிகிற விஷயமாக இருந்திருந்தால் இந்த மடலே தேவையில்லை. என்னைப் போலப் பழைய ஜேர்மன் கார் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரிடமும் கிட்டத்தட்ட இதே கதை இருக்கிறது.

முதலில் தெரிந்தது ஒரு உதறல். மளிகைக் கடை வாசலில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் காரை நிறுத்தப் போனால், யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி திக்கித் திக்கி நகர்ந்தது. கொஞ்ச நாளில் மெதுவாகப் போகும்போதும் காலடியில் கடகடவென்றது. பிறகு ஒரு விடியற்காலை, ஒஷாவாவுக்கு வேலைக்குப் போகிற வழியில், 401 நெடுஞ்சாலையில் பனித்தூறலுக்குள் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுப்பது), டி.எஸ்.சி. (கார் வழுக்காமல் தடுப்பது), நாலு சில்லு இழுவை எல்லாவற்றின் எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. எந்த நேரத்தில் தேவை என்று அந்தக் காரை வாங்கினேனோ, அந்த நேரத்திலேயே அது வெறும் பின்சில்லு வண்டியாகிவிட்டது. வேறொரு இடத்தில் ட்ரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது இழுவையை முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, திறந்தார்கள். ஒயில் கறுத்து, கருகிய மணத்தோடு வந்தது. உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோயிருந்தன. திருத்துவதற்குச் சொன்ன காசு, இன்றைக்கு அந்தக் காரை விற்றால் வரும் காசில் பாதிக்கு மேல்.

ரயர் போட்ட கராஜுக்குத் திரும்பிப் போய்க் கேட்டேன். "பழைய ஜேர்மன் கார் எண்டால் இப்பிடித்தான் அண்ணை. வித்துப்போட்டு வேறை ஒண்டை எடுங்கோ" என்றார்கள்.

இந்த ஒரு வசனம்தான் என்னை எழுத வைத்தது.

தம்பிமாரே, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். தேய்ந்த ரயரில் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றர், புதியதில் 8 என்று வையுங்கள். ஆரை 4 மில்லிமீற்றர் கூடினால் ஒரு சுற்றுக்கு 25 மில்லிமீற்றர் வித்தியாசம். என் காரின் 17 அங்குலச் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 500 தரம் சுற்றும். அப்படியென்றால் கிலோமீற்றருக்கு 12 மீற்றருக்கு மேல். அதில் பாதியை, பின் சில்லு இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பின் டிஃபரென்ஷியல் சமாளித்தாலும், மிச்சப் பாதி முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் தலையில்தான் விழும். ஒஷாவா போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய 200 மீற்றர் வித்தியாசம் அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசித்தான் தீர வேண்டும். காரின் கம்ப்யூட்டருக்கோ சில்லு வழுக்குவதாகத் தோன்றும். அது கிளட்சை இன்னும் இறுக்கும். பிறகு ஒயில் கருகாமல் என்ன செய்யும்?

இது ஜேர்மன் கார்களுக்கு மட்டும் உள்ள குணமும் இல்லை. நீங்கள் நாள்தோறும் திருத்துகிற சுபாருவுக்கும் இதே விதிதான். நாலு ரயருக்கும் இடையில் பள்ளத்தின் ஆழத்தில் ஏறக்குறைய 2 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம் என்பது பலர் வைத்திருக்கும் அளவு. 310எஸ் என்ற ஒன்ராறியோ கார் மெக்கானிக் உரிமம் எடுத்த உங்களுக்கு இது தெரியாதென்று நான் நம்பவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விடுவதுதான் கோபத்தைத் தருகிறது. அளக்கிற கருவி சட்டைப் பையில் அடங்கும். நாலு சில்லையும் அளக்க இரண்டு நிமிடம் போதும்.

பழைய பி.எம்.டபிள்யூ, அவுடி வைத்திருக்கிறவன் பந்தாவுக்கு வைத்திருக்கிறான் என்ற எண்ணம் நம்மவர்களிடம் இருக்கிறது. புதுக் காரின் மாதக் கட்டணம் கட்ட வசதியில்லாமல், ஆனால் பனியில் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டாயத்தில் இதை வாங்கியவன் நான். வருடா வருடம் உப்புக் கழுவி, அடிப்பக்கத்துக்குத் துருத் தடுப்பு ஒயில் அடித்து, ஒழுகும் வால்வ் கவர் கேஸ்கெற்றை மாற்றி, கவனமாகத்தான் வைத்திருக்கிறேன். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஒயிலை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், "அது ஆயுள் முழுக்கப் போதும், கம்பெனிக்காரனே மாற்றத் தேவையில்லை என்கிறான்" என்று திருப்பி அனுப்புகிறீர்கள். யாருடைய ஆயுள்? ஜேர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே தன் ஒட்டோமற்றிக் கியர்பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் ஒயில் மாற்றச் சொல்கிறது.

பழுதான காரை இழுத்துப்போகும் டோ ட்ரக்குக்கு அழைத்தாலும் இதே அலட்சியம். முன் சில்லைத் தூக்கிப் பின் சில்லை உருளவிட்டு இழுக்கிறார்கள். நாலு சில்லு இழுவைக் காரை முழுதாகத் தட்டையான ட்ரக்கின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் வீதியோரத்தில் நின்று நான் மன்றாட வேண்டியிருக்கிறது.

சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை. ஆனாலும் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கேட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை: வேலைக்கு முன்னால் எழுத்தில் மதிப்பீடு, இறுதிக் கணக்கு அதிலிருந்து 10 வீதத்துக்கு மேல் கூடக் கூடாது, கழற்றிய பாகத்தை, வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொல்லாவிட்டால், திருப்பித் தர முன்வர வேண்டும். தமிழில் கதைத்துப் பழகியதால் இவற்றைக் கேட்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தை நம்பித் தொழில் செய்யாதீர்கள்.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மன்னியுங்கள். குளிரில் கை விறைக்க விறைக்க நீங்கள் செய்யும் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியும். உங்களிடம் வருவதை நிறுத்தவும் நான் விரும்பவில்லை. காரின் வருத்தத்தை என் மொழியில் சொல்லக்கூடிய இடம் எனக்கு வேறு எது?

அதனால் தயவாகக் கேட்கிறேன். நாலு சில்லு இழுவைக் கார் எது வந்தாலும், ஒரு ரயரை விற்பதற்கு முன்னால் மற்ற மூன்றையும் அளந்து பாருங்கள். அளந்ததை எங்களிடம் சொல்லுங்கள். வித்தியாசம் கூட இருந்தால், நாலும் மாற்ற வேண்டும், அல்லது அதே அளவு தேய்ந்த ஒன்றைத் தேட வேண்டும், அல்லது புதியதை மற்றவற்றின் அளவுக்குச் சீவ வேண்டும் என்று விளங்கப்படுத்துங்கள். காசு கூடத்தான் வரும். கொடுப்பதா விடுவதா என்று நாங்கள் தீர்மானிக்கிறோம். அந்த நாலு அளவையும் பில்லின் அடியில் எழுதித் தாருங்கள். வருகிற கார்த்திகையில் வின்ரர் ரயர் மாற்ற எல்லோரும் வரிசையில் நிற்கும்போதே இதைத் தொடங்கினால் பெரிய உதவி.

நன்றி.

இப்படிக்கு,
மக்கோவன் வீதிப் பக்கத்திலிருந்து ஒரு வாடிக்கையாளன்