ஒரு புள்ளியால் தொலைந்த புத்தகம்: நூலகப் பட்டியல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகப் பட்டியல் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கணினிப் பட்டியலில் இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்த பெயர்களைத் தேட முடியவில்லை என்று ஏற்கெனவே மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் பதில் வந்தது. போன வாரம் நடந்ததற்குப் பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னிடம் வழிகேட்டுப் படிக்கும் ஆய்வு மாணவி ஒருத்தி ராத்திரி பஸ் பிடித்து வந்து, நூலகம் திறக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் தேடி வந்தது தமிழறிஞர் மு. இராகவையங்காரின் நூல்கள். 'இராகவையங்கார்' என்று அடித்தாள். முடிவுகள் இல்லை. 'மு. இராகவையங்கார்' என்று அடித்தாள். அதற்கும் இல்லை. கவுண்டரில் கேட்டாள். அங்கிருந்தவரும் அதே பட்டியலைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா" என்றார். சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டாள்.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து, நடுவில் இருந்த இடைவெளியை எடுத்துவிட்டு 'மு.இராகவையங்கார்' என்று தேடினேன். பதினொரு நூல்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் நேராக அடுக்கு எண், பக்கத்திலேயே 'இருப்பில் உள்ளது' என்ற குறிப்பு. போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இனி அடுத்த மாசம்தான் சார் வர முடியும்" என்றாள்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. சொற்களைப் பிரிக்க, கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடு வகுத்த பொது விதியில், இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் புள்ளி வந்தால் அந்த இடத்தில் சொல் பிரியாது. 'மு.இராகவையங்கார்' முழுவதும் ஒரே சொல். புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் இரண்டு சொற்கள். எலாஸ்டிக்சர்ச் போன்ற தேடுபொறிகள் வேறு அமைப்பு எதுவும் தராதவரை இந்த விதிப்படிதான் வெட்டுகின்றன. உங்களுடையதும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆகவே, பதிவு செய்தவர் இடைவெளி விட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வாசகருக்குப் புத்தகம் கிடைக்கிறது. பதிவு செய்தவர்களை நான் குறை சொல்லவில்லை. தமிழ் அச்சிலேயே இரண்டு வழக்கமும் உண்டு.

'சரி, புள்ளி வந்தால் வெட்டிவிடு' என்று மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் புள்ளியில் வெட்டும். ஆனால் அதன் இன்னோடிபி என்ற வகை அட்டவணைகளில், கணினி சேமிக்கும் எழுத்துக் குறிகள் மூன்றுக்குக் குறைவாக உள்ள சொல் இயல்பாகவே முழு உரைச் சுட்டுவரிசையில், அதாவது தேடுவதற்காகச் சொற்களைத் தொகுத்து வைக்கும் பட்டியலில், சேராது. 'மு' என்பது மகரமும் உகரக் குறியுமாக இரண்டு குறிதான். 'ரா'வும் அப்படியே. இரண்டும் விழுந்துவிட்டால் மு. இராகவையங்காரும் ரா. இராகவையங்காரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். இருவருமே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழுக்கு ஆசிரியராக இருந்தவர்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது அந்த ஓரெழுத்து இனிஷியல்தான். 'வ.உ.சி.' என்று தேடினால் நிலைமை இன்னும் மோசம். வ, உ, சி மூன்றுமே விழுந்துவிடும், தேட ஒரு சொல்லும் மிஞ்சாது. மு.வ.வுக்கும் இதே கதிதான்.

அதனால் என் கோரிக்கை ஒன்றே. பெயரில் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இடைவெளி விட்டாலும் விடாவிட்டாலும், ஒரே புத்தகம் கிடைக்க வேண்டும். பதிவிலும் தேடும் சொல்லிலும் புள்ளியை ஒரே மாதிரி இடைவெளியாக மாற்றுங்கள். ஓரெழுத்துச் சொல்லையும் சேர்க்கும்படி அமைப்பை மாற்றுங்கள். 'வஉசி' என்று சேர்த்து அடிப்பவருக்காக ஒட்டிய வடிவத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சுட்டுவரிசையை மறுபடி கட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பழைய பதிவுகள் பழையபடியேதான் இருக்கும்.

பழைய நூல்களை ஸ்கேன் செய்ய இவ்வளவு செலவு செய்கிறோம். ஆனால் ஒரு மென்பொருளை வாங்கும்போது தமிழில் பத்துப் பெயர் அடித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. பைத்தன் என்ற நிரல்மொழியில் சொற்களைப் பிரிக்க எல்லோரும் எழுதும் வழக்கமான ரீஜெக்ஸில் (எழுத்து வடிவத்தைத் தேடும் குறிப்பில்) 'தமிழ்' என்று கொடுத்தால், இகரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் தள்ளிவிட்டு 'தம', 'ழ' என்று இரண்டாக உடைத்துத் தரும். நம் மொழியின் பெயரே இப்படி உடைகிறது என்பதைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுகிறோம். கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருஷமாக அந்த அடுக்குகளுக்கு நடுவே நடப்பவன் நான்.

தயவுசெய்து அந்த மாணவி அடுத்த மாதம் வருவதற்குள் இதைச் சரிசெய்து தாருங்கள். அதற்குள் முடியாது என்றால், புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும் தேடிப் பார்க்கச் சொல்லி ஒரு வரியைத் தேடல் பெட்டிக்குக் கீழேயும் கவுண்டரிலும் எழுதி வையுங்கள். புள்ளி வைத்த ஐம்பது பெயர்களை எல்லா வடிவத்திலும் எழுதி வைத்திருக்கிறேன். சோதித்துப் பார்க்கக் கேட்டால் அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்